மீதி 37 பேர் எங்கே?

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கி, வாசிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம். குடிநோய், மரணம் பற்றிய பேச்சு இதில் உண்டு.)

சென்னையிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ பஸ்ஸில் போனவர்களுக்கு உளுந்தூர்பேட்டை தெரியும். தெரியும்னா, டோல்கேட் தெரியும். பாதித் தூக்கத்தில் முழிச்சு, "எங்க இருக்கோம்?"னு கேட்டிருப்பீங்க. பக்கத்து சீட்காரர் "உளுந்தூர்பேட்டை தாண்டலை இன்னும்"னு சொல்லியிருப்பார். திரும்பத் தூங்கியிருப்பீங்க.

நீங்க தூங்கின அந்த இடத்தில்தான் சேலம் ரோடு பிரியுது. அதில் எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம் தாண்டினால் கள்ளக்குறிச்சி. அதுக்கும் அந்தப் பக்கம் கல்வராயன் மலை. நான் பிறந்து வளர்ந்தது இந்த முக்கூட்டில். இப்போ வேலை பார்ப்பதும் இங்கேதான், ஒரு சின்ன போதை மறுவாழ்வு மையத்தில் கவுன்சலர். 15 கட்டில். மையத்தின் பேர் வேண்டாம், சொன்னா விளம்பரம் மாதிரி ஆயிடும்.

இன்னைக்கு நான் பேசப்போற கேள்வி ரொம்ப சாதாரணமானது. குடிக்கு சிகிச்சை கொடுக்கிற ஒரு இடம், எதுக்காக ஸ்கூலுக்கும் காலனிக்கும் மலைக்கும் போகணும்? வர்ற நோயாளியைப் பார்த்தா போதாதா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டதே நான்தான். அதுவும் கோபமா.

நான் போட்ட சண்டை

எங்க டாக்டர் ஒருநாள் மீட்டிங்கில் சொன்னார்: "அடுத்த மாசத்துலேர்ந்து கவுன்சலர்ங்க வாரத்துல ரெண்டு நாள் வெளிய போகணும். ஸ்கூல், நூறு நாள் வேலை நடக்கிற இடம், லாரி ஸ்டாண்ட்."

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. "டாக்டர், கட்டிலுக்கு ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க. இருக்கிறது ரெண்டே கவுன்சலர். உள்ள இருக்கிறவங்களையே ஒழுங்கா பார்க்க முடியலை. இதுல பேனர் பிடிச்சுக்கிட்டு ஊர்வலம் போகணுமா?"

அவர் வாதாடலை. அட்மிஷன் ரெஜிஸ்டரை எடுத்து என் முன்னாடி வச்சார். "மத்ததை விடும்மா. 'எத்தனை வருஷமாகக் குடி'ன்னு ஒரு கட்டம் இருக்கு பாரு, அதை மட்டும் படி."

படிச்சேன். 12. 20. 15. 18. 22. பத்து வருஷத்துக்குக் கீழே ஒரு எண் கிடைக்க ரெண்டு பக்கம் புரட்ட வேண்டியிருந்தது. வேலை போய், ஈரல் கெட்டு, பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போன பிறகுதான் எங்க வாசல்படி ஏறுறாங்க. "இவங்க பத்து வருஷம் முன்னாடி எங்கே இருந்தாங்க? அப்போ நாம எங்கே இருந்தோம்?" அவ்வளவுதான் கேட்டார்.

இது எங்க ரெஜிஸ்டரின் கதை மட்டும் இல்லை. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு எடுத்து 2019-ல் வெளியிட்டது. இந்தியாவில் மது குடிக்கிறவங்க சுமார் 16 கோடி. அதில் உதவி தேவைப்படுற அளவுக்குப் பிரச்சினை உள்ளவங்க 5.7 கோடி. குடிக்கு அடிமையானவங்களில் 38 பேரில் ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைச்சிருக்கு. கட்டிலில் படுத்து சிகிச்சை எடுத்தவங்க 180 பேரில் ஒருத்தர்.

38-ல் ஒண்ணு. நான் "கட்டிலுக்கு ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க"ன்னு சண்டை போட்டது அந்த ஒருத்தருக்காக. மீதி 37 பேர் க்யூவிலேயே இல்லை.

எங்க அப்பா

டாக்டரோட கணக்கு புரிஞ்சுது. ஆனா மனசு ஒத்துக்கலை. அதுக்குக் காரணம் எங்க அப்பா.

அப்பா பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். கை அவ்வளவு வேகம். மத்தியானம் மூணு மணிக்கு மாவு பிசைவார், ராத்திரி ஒரு மணிக்குக் கல்லைத் துடைப்பார். அந்த அலுப்புக்கு ஒரு கட்டிங், அப்புறம் ஒரு குவார்ட்டர், அப்புறம் காலையில் கை நடுங்குது என்று இன்னொண்ணு. நான் பத்தாவது படிக்கும்போது கடைசியா ஒரு மையத்தில் சேர்த்தோம். அம்மாவோட தோடு அங்கே போச்சு. 30 நாள். வெளியே வரும்போது கன்னம் உப்பி, முகம் தெளிஞ்சு, எனக்கு ஞாபகம் இல்லாத ஒரு அப்பாவா வந்தார்.

நாலாவது நாள் தெருவில் ஒரு கல்யாணம். "இன்னைக்கு ஒரு நாள் மாமா"ன்னு யாரோ ஊத்திக் கொடுத்தாங்க. அவ்வளவுதான். அந்த மையத்திலிருந்து ஒரு போன் வரலை. எங்க தெருவில் இருந்த யாருக்கும் இது ஒரு நோய், இந்த ஆளுக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது என்று தெரியாது. எங்களுக்கே தெரியாது, "சிகிச்சைதான் முடிஞ்சுதே, திமிரு பிடிச்சுக் குடிக்கிறார்"னுதான் நானும் நினைச்சேன். ஒரு வருஷம் அவர்கூடப் பேசலை. பேசாமலே இருந்த அந்த வருஷத்தில்தான் அவர் போயிட்டார்.

அதனால எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. நல்ல கவுன்சலர் இருந்திருந்தா அப்பா பிழைச்சிருப்பார், அதனால நான் உள்ளே உட்கார்ந்து நல்ல கவுன்சலரா இருப்பேன் என்று. அப்பா விழுந்த இடம் மையத்துக்கு உள்ளே இல்லை, தெருவில் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

மஞ்சக்குடியில் நடந்தது

இதை எனக்கு முன்னாடி யோசிச்சவங்க இருக்காங்க.

டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் 1979-ல் இளம் வயதிலேயே குடிநோயால் இறந்தார். பணம் இருந்தது, வெளிநாட்டு சிகிச்சை வரை பார்த்தாங்க. அப்பவும் காப்பாத்த முடியலை. அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் கணவர் பேரிலேயே ஒரு அறக்கட்டளை தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் சொல்வது அதுதான். குடியை நோயாகப் பார்த்து, குடும்பத்தையும் சேர்த்து சிகிச்சை கொடுக்கிற முறைக்குத் தமிழ்நாட்டில் வழி போட்ட இடம். 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது அவங்க 1989-ல் செய்தது. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் மஞ்சக்குடி என்ற கிராமத்தில் போய் சிகிச்சை முகாம் போட்டாங்க. கிராமத்துக் கூலிக்காரர் ஒரு மாசம் வேலையை விட்டுட்டு சென்னையில் வந்து படுக்க முடியாது. அதனால் சிகிச்சை ஊருக்குப் போச்சு. இடம், சாப்பாடு, ஆள் சேர்ப்பது எல்லாத்திலும் ஊர்க்காரங்களையே சேர்த்துக்கிட்டாங்க. தொடர்ந்து போய்ப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் பல ஊர்களில் இதே மாதிரி முகாம்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கு. சென்னையில் குணமாகிற ஒருத்தரை அவர் தெரு பார்க்கிறதில்லை. ஊருக்குள்ளேயே குணமாகிறவரை எல்லாரும் பார்க்கிறாங்க. டீக்கடையில் அவர் டீ மட்டும் குடிச்சுட்டு எழுந்து போறதை, கூலி வாங்கி நேரா வீட்டுக்குப் போறதைப் பார்க்கிறாங்க. "இவனே விட்டுட்டான்னா..." என்று இன்னொருத்தருக்குத் தோணுது. கல்யாண வீட்டில் ஊத்திக் கொடுக்கப் போற கை கொஞ்சம் தயங்குது. சிகிச்சை என்றும் தடுப்பு என்றும் நாம் பிரிச்சு வச்சிருக்கும் ரெண்டும் அங்கே ஒண்ணாகவே நடக்குது.

எங்க அப்பாவுக்கு அந்தத் தயங்குற கைதான் தேவைப்பட்டது.

ஜூன் 2024

எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்துக்கு வரேன். 2024 ஜூன் 18, 19. கள்ளக்குறிச்சி டவுனுக்குள்ளேயே இருக்கும் கருணாபுரம். மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம். அடுத்த சில நாட்களில் 60 பேருக்கு மேல் இறந்தாங்க. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடிக்கிட்டே இருந்தன. அதுக்கு முந்தின வருஷம் மே மாசம்தான் மரக்காணம் பக்கம் இதே மெத்தனால் உயிர்களை எடுத்திருந்தது.

19-ஆம் தேதி காலையில் டாக்டர் எங்களை ஃபாலோ-அப் நோட்டை எடுக்கச் சொன்னார். கள்ளக்குறிச்சிப் பக்கத்து நம்பர் எல்லாத்துக்கும் போன் போட்டோம். ஒருத்தர் எடுத்ததும் சொன்ன முதல் வார்த்தை: "மேடம், நான் குடிக்கலை." அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஆனா எங்க சொந்தக்காரங்க..."ன்னு ஆரம்பிச்சு அழுதுட்டார்.

அன்னைக்கு எனக்கு மூணு விஷயம் உறைச்சுது.

முதல் விஷயம், விடிகாலையில் பாக்கெட் வாங்குறவர் யார்? ஜாலிக்குக் குடிக்கிறவர் காலை அஞ்சு மணிக்குக் குடிக்க மாட்டார். கை நடுக்கம் நிக்காமல் மண்வெட்டி பிடிக்க முடியாது, மூட்டை தூக்க முடியாது என்கிறவர்தான் குடிப்பார். டாஸ்மாக் மத்தியானம் 12 மணிக்குத்தான் திறக்கும், விலையும் கட்டாது. அதாவது, முற்றின குடிநோயாளி. எங்க ரெஜிஸ்டருக்கு வரவே வராத அந்த 37 பேரில் ஒருத்தர்.

ரெண்டாவது, தெரிஞ்சிருந்தா பிழைச்சிருப்பாங்க. மெத்தனால் உள்ளே போனதும் உடனே கொல்லாது. ஈரல் அதை உடைச்சு ஃபார்மிக் அமிலமா மாத்துது. அதுக்குப் பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்கூட ஆகும். அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தாக்குது. வயித்து வலி, வாந்தி, கண்ணுக்கு முன்னாடி வெள்ளையா மூட்டம். "ஓவராயிடுச்சு, தூங்கினா சரியாகும்"னு படுத்துட்டா நேரம் போயிடுது. சீக்கிரம் போனால் மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. "குடிச்சவருக்குப் பார்வை மங்குதா, அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்கிற ஒரே ஒரு வரி. அதைத் தெருத் தெருவாகச் சொல்ல எங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்? நாங்க கட்டிலைப் பார்த்துக்கிட்டு இருந்தோம்.

மூணாவது, அடைச்சா மட்டும் தீராது. அந்த ஜூனுக்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரைக்கும் கொண்டுவந்தாங்க. கல்வராயன் மலையில் ரெய்டு, ஊறல் அழிப்பு. இத்தனைக்கும் கருணாபுரத்தில் கொன்றது மலையில் வெல்லம் போட்டுக் காய்ச்சின சாராயம் இல்லை, ஆலைகளுக்குப் போக வேண்டிய மெத்தனால். மலைக்காரங்க எல்லாருமே காய்ச்சுறவங்க என்கிற பேச்சு மட்டும் கீழே நின்னுடுச்சு. அந்த மலைக்கு ரோடும் வேலையும் ஏன் ஒழுங்கா போய்ச் சேரலை என்ற கேள்வியைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஜூலையில் தானாகவே வழக்காக எடுத்தது.

காய்ச்சுறவரைப் பிடிக்க வேண்டியதுதான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனா 15 வருஷமா தினமும் குடிச்ச உடம்புக்குத் திடீர்னு கிடைக்காமல் போனா என்ன ஆகும்? முதல் ரெண்டு நாளில் வலிப்பு வரலாம். ரெண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள்ள பிதற்றல், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுறது, ஆள் அடையாளம் தெரியாமல் போறது. கவனிக்கலைன்னா உயிருக்கே ஆபத்து. 2020 ஊரடங்கில் கடைகளை மூடினபோது, புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் குடிச்சு இறந்தவங்க இருக்காங்க. சரக்கை நிறுத்துற அதே நாளில் சிகிச்சையும் அந்தத் தெருவுக்குப் போகணும். இல்லைன்னா அடுத்த பாக்கெட்டுக்கு ஆள் தயாரா இருப்பாங்க.

அந்த வாரத்துக்கு அப்புறம் நான் டாக்டர்கிட்ட சண்டை போடலை.

மூணாவது பெஞ்சு

சரி, வெளியே போனேன். போய் என்ன செஞ்சேன்? தப்பாத்தான் செஞ்சேன்.

ஒரு பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்பு. பவர்பாயிண்ட். கெட்டுப்போன ஈரல் படம், வயிறு வீங்கின ஆள் படம். "குடி குடியைக் கெடுக்கும்"னு எல்லாரையும் சேர்ந்து சொல்ல வச்சேன். பசங்க சத்தமா சொன்னாங்க. ஹெட்மாஸ்டருக்கு சந்தோஷம். "கேள்வி இருந்தா கேளுங்க"ன்னேன்.

மூணாவது பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். "மிஸ், எங்கப்பா தினமும் குடிக்கிறாரு. அவரு செத்துடுவாரா?"

கிளாஸ் சிரிச்சுது. அவன் சிரிக்கலை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படியெல்லாம் இல்லப்பா, உட்காரு"ன்னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டேன். பத்தாவது படிக்கும்போது நான் யார்கிட்டயாவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவன் கேட்டுட்டான். நான் தாண்டிப் போயிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. அந்த வகுப்பில் நான் பயம் காட்டினது எல்லாமே, ஏற்கெனவே பயந்துகிட்டு இருக்கிற பிள்ளைகளுக்கு.

அப்புறம்தான் படிச்சேன், இது எனக்கு மட்டும் நடந்த தப்பு இல்லை. அமெரிக்காவில் 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'டேர்' என்று ஒரு திட்டம் தொடங்கினாங்க. போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து போதைக்கு எதிரா பாடம் எடுப்பார். நாடு முழுக்கப் பரவிச்சு. ஆனா ஆய்வு பண்ணிப் பார்த்தப்போ, அந்தப் பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் பெரிசா வித்தியாசம் இல்லை. ஒருநாள் வந்து பயமுறுத்திட்டுப் போறது பலன் தராது என்பதைத்தான் ஐ.நா.வின் தடுப்பு வழிகாட்டியும் சொல்லுது.

இன்னொரு பக்கம் ஐஸ்லாந்து. 1998-ல் அங்கே 15, 16 வயசுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், போன ஒரு மாசத்தில் போதை ஏறக் குடிச்சதா சொன்னாங்க. 2016-ல் அது 5 சதவீதம். அவங்க ஈரல் படம் காட்டலை. சாயங்காலம் பிள்ளைகள் எங்கே இருக்காங்க, யார்கூட இருக்காங்க என்று பார்த்தாங்க. விளையாட்டுக்கும் இசைக்கும் காசு ஒதுக்கினாங்க. பெத்தவங்களை ஒருத்தரோட ஒருத்தர் பேச வச்சாங்க. ஐஸ்லாந்து சின்ன நாடு, பணக்கார நாடு, நம்ம கதை வேறதான். ஆனா சாயங்காலம் பிள்ளை எங்கே இருக்கு என்ற கேள்வி உளுந்தூர்பேட்டைக்கும் பொருந்தும்.

இப்போ நாங்க செய்யிறது ரொம்ப சின்னது. ஒரே பள்ளிக்குத் திரும்பத் திரும்பப் போறோம். படம் காட்டுறதில்லை. வீட்டில் யாராவது குடிச்சா அது உன் தப்பு இல்லை, சண்டை நடக்கும்போது எந்த வீட்டுக்குப் போகலாம், யார்கிட்ட சொல்லலாம் என்று பேசுறோம். தெருவுக்கு நான் போறதைவிட, எங்ககிட்ட சிகிச்சை எடுத்து நாலு வருஷமா குடிக்காமல் இருக்கிற ஒரு லாரி டிரைவர் அண்ணன் போறார். நான் அரை மணி நேரம் பேசினாலும் நடக்காதது, அவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தா நடக்குது. இது புது யோசனையும் இல்லை. 1935-ல் அமெரிக்காவில் ரெண்டு குடிநோயாளிகள் சந்திச்சு ஆரம்பிச்ச 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' குழுவே, மீண்டவர் இன்னொருத்தரைத் தேடிப் போகணும் என்பதில்தான் நிக்குது. அந்த அண்ணன் என்கிட்ட ஒருமுறை சொன்னார்: "மேடம், நான் அவனுக்காகப் போகலை. போகாத வாரம் எனக்கே கை நமநமங்குது."

காசு விஷயம்

இதையும் மறைக்காமல் சொல்லிடணும். எல்லா மையமும் நல்ல மனசுக்காக மட்டும் வெளியே வர்றதில்லை. அரசு நிதியில் விழிப்புணர்வு வேலைக்குப் பணம் உண்டு. முகாம் போட்டா கட்டில் நிறையும். 'விழிப்புணர்வு'ன்னு பேனர் கட்டி, பின்னாடி பேக்கேஜ் ரேட் பேசுற இடங்களும் இருக்கு. ஆளை ராத்திரியில் வண்டியில் தூக்கிட்டுப் போய், பூட்டி வச்சு அடிக்கிற இடங்களைப் பத்தியும் செய்தி படிச்சிருப்பீங்க.

அதனால உங்க வீட்டுக்கோ நண்பருக்கோ இடம் தேடினா நாலு கேள்வி கேளுங்க. 2017 மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கா? டாக்டர் தினமும் வர்றாரா? குடும்பத்தைப் பார்க்க விடுவாங்களா? டிஸ்சார்ஜுக்கு அப்புறம் எத்தனை மாசம் கூப்பிடுவாங்க? நாலாவது கேள்விதான் எனக்கு முக்கியம். எங்க அப்பா விழுந்தது நாலாவது நாள்.

சென்னையில், கோயம்புத்தூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் உங்களுக்கும் ஒண்ணு. வீக்கெண்ட் பார்ட்டியில் "நான் விட்டுட்டேன்டா"ன்னு ஒருத்தன் சொன்னா, "ஒரே ஒரு பெக்"னு சொல்லாதீங்க. அந்த நிமிஷம் அவனுக்கு மறுவாழ்வு மையம் நீங்கதான். தினமும் குடிக்கிற ஒருத்தரை ரூமில் பூட்டி வச்சுத் திருத்தவும் பார்க்காதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கு 14416.

அந்தப் பையன் என்ன ஆனான்னு கேட்பீங்க. அடுத்த வாரமே அதே ஸ்கூலுக்குப் போனேன். மைதானத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லலை"ன்னு ஆரம்பிச்சேன். "உங்கப்பாவுக்கு இருக்கிறது ஒரு வியாதி. பார்க்காம விட்டா ஆபத்து. பார்த்தா சரி பண்ணலாம். அதைப் பார்க்கிறது பெரியவங்க வேலை, உன் வேலை இல்லை." கொஞ்ச நேரம் மண்ணில் குச்சியால் கோடு போட்டுக்கிட்டு இருந்தான். அப்புறம், "எங்கம்மாகிட்ட சொல்றீங்களா மிஸ்?"னு கேட்டான்.

அம்மா வந்தாங்க. மூணு மாசம் கழிச்சு அப்பாவும் வந்தார். நடுவில் ரெண்டு தடவை திரும்பக் குடிச்சார், ரெண்டு தடவையும் நாங்க வீட்டுக்குப் போனோம். இப்போ குடிக்காமல் இருக்கார். நாளைக்கு எப்படி என்று எனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா எங்க ரெஜிஸ்டரில் அவருக்கு நேரா 'எத்தனை வருஷமாகக் குடி' என்ற கட்டத்தில் 6-ன்னு எழுதியிருக்கு. அந்தப் பக்கத்தில் இருக்கிறதிலேயே சின்ன எண் அதுதான்.

அடுத்த முறை டோல்கேட்டில் முழிச்சா எங்களைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.